ஒரு சாண் தூக்கிப் பார்த்தல்

ஹைதராபாத் நகரத்தின் வடபுறத்தில், பாலாநகரைத் தாண்டி நர்சாபூர் சாலை வழியாகப் பிரயாணம் செய்கிறவர்கள், ஹெச்.எம்.டி. யந்திரத் தொழிற்சாலையின் மதிலைக் கடந்து ஜீடிமெட்லா தொழிற்பேட்டைக்குள் நுழையும்போது, மருந்து ரசாயனங்களின் காரநெடியும் கடைசல் பட்டறைகளின் எண்ணெய் வாசனையும் ஒருங்கே வந்து எதிர்கொள்ளும். அந்தப் பேட்டையின் உட்தெரு ஒன்றில், மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை வேளையில், மருந்துச் சரக்குகளைக் கலந்து காய்ச்சும் பெரிய எஃகுக் கலம் ஒன்றை டிரெய்லர் வண்டியிலிருந்து இறக்குவதை நான் ஏறத்தாழ 2 மணி நேரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ரியாக்டர் என்று எல்லோரும் சொல்லும் அந்தக் கலத்தின் எடை 4 டன். அதைத் தூக்க வந்திருந்தது ஹைட்ரா என்று இந்தியா முழுதும் பெயர் பெற்றுவிட்ட, மஞ்சள் வர்ணம் பூசிய, நான்கு சக்கரங்களில் உருண்டு செல்லும் கிரேன்.

கூட நான்கு கலாசிகளை வைத்துக்கொண்டு வேலை நடத்திய முதிய மேஸ்திரி, எஃகுக் கயிறுகளைக் கலத்தின் தூக்குக் காதுகளில் மாட்டி முடித்த பிறகு, கையை உயர்த்தி, "கொஞ்செம் எத்து" என்றார். கலம் வண்டியின் பலகையை விட்டு ஒரு சாண் உயர்ந்ததும், "ஆகு" என்று நிறுத்திவிட்டார். தெலுங்கில் ஆகு என்றால் நில் என்று பொருள். அப்படியே முழுதாக ஒரு நிமிஷம், ஒருவரும் ஒன்றும் செய்யாமல், அந்தரத்தில் தொங்கும் அந்த 4 டன்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேஸ்திரி மட்டும் கலத்தைச் சுற்றி நடந்து, குனிந்து அதன் அடியைப் பார்த்தார், கயிறுகளை அண்ணாந்து பார்த்தார், பிறகு கிரேனின் பின்புறம் போய் அதன் பின்சக்கரங்களைப் பார்த்தார். ஏன் இப்படிக் காத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிந்த தெலுங்கில் கேட்டேன். "பருவு எக்கட உந்தோ அதே செப்துந்தி, சார்" என்றார். பளு எங்கே இருக்கிறது என்பதை அதுவே சொல்லும் என்பது அதன் பொருள்.

பொறியியல் கல்லூரிகளில் முதலாண்டிலேயே நிலையியல் என்ற பெயரால் போதிக்கப்படும் சாஸ்திரம், அதாவது அசையாமல் நிற்கும் பொருள்கள் ஏன் அசையாமல் நிற்கின்றன என்று ஆராயும் சாஸ்திரம், அந்த ஒரு நிமிஷத்துக்குள் அநேகமாக முழுதும் அடங்கியிருந்தது என்பது என் அபிப்பிராயம். மேஸ்திரி பார்த்த மூன்று இடங்களையும் நாமும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அதற்கு முன்னால் மூல விஷயத்தை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தள்ளினாலும் இழுத்தாலும் தன் உருவம் மாறாமல் இருக்கும் பொருளைத் திண்பொருள் என்கிறோம். இரும்பும் ஓரளவு வளையத்தான் செய்யும் என்றாலும், அந்த வளைவு நம் கணக்குக்குக் குறுக்கே வராத அளவு சொற்பமானதாக இருக்கும் வரையில் அதைத் திண்பொருளாகவே கொள்வது வழக்கம். அத்தகைய பொருள் ஒன்று சமநிலையில் நிற்க வேண்டுமானால் இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். அதன்மீது செயற்படும் விசைகளெல்லாம், மேலும் கீழுமாக, இடமும் வலமுமாக, முன்னும் பின்னுமாக, ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மிச்சமின்றிப் போக வேண்டும் என்பது முதலாவது. எல்லாரும் எளிதில் ஒப்புக்கொள்ளும் நிபந்தனை அது. இரண்டாவது நிபந்தனைதான் கண்ணுக்கு எளிதில் அகப்படாதது: அந்த விசைகள் பொருளைச் சுழற்ற முயலும் முயற்சிகளும் ஒன்றையொன்று முழுதாகக் கழித்துக்கொள்ள வேண்டும். ஒரு விசை எவ்வளவு பெரியதென்பதோடு, எவ்வளவு தூரத்தில் நின்று செயற்படுகிறது என்பதையும் பெருக்கி வரும் எண்ணையே திருப்புத்திறன் என்கிறார்கள். குழாயடித் திருகை இரண்டு விரல்களால் திருகும்போது ஒரு விரல் முன்னே தள்ள, மற்றது அதே அளவு பின்னே இழுக்கிறது. இரு விசைகளும் கூட்டிப் பார்த்தால் சூனியம். ஆயினும் திருகு சுழலுகிறது. முதல் நிபந்தனை நிறைவேறியும் இரண்டாவது நிறைவேறாத நிலைக்கு இதைவிட எளிய திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

இந்த இரண்டாவது நிபந்தனை முதலாவதன் வாலாக ஒட்டிக்கொண்டு வருவதன்று, தன்னளவில் தனியானது என்பதைக் கணித மேதை ஆய்லர் 1776-ல் வெளிவந்த தமது கட்டுரையில் ஸ்தாபித்தார். குழாய்த் திருகில் நாம் கண்டது போன்ற விசை இரட்டைகளை வைத்தே நிலையியல் முழுவதையும் விளக்கலாம் என்று பிரெஞ்சு தேசத்துப் புவான்சோ 1803-ல் ஒரு நூல் எழுதிக் காட்டினார். நெம்புகோலின் விதியை ஆர்க்கிமிடீஸ் வகுத்து ஏறக்குறைய 2000 வருஷங்களுக்குப் பிறகுதான் இவ்வளவு தெளிவும் ஏற்பட்டது என்பதை எண்ணும்போது, நிற்பது என்ற சாதாரணக் காரியம் மனிதனுடைய புத்திக்கு எத்தனை காலம் பிடிகொடாமல் இருந்திருக்கிறது என்று ஆச்சரியப்படாமல் இருக்க முடிவதில்லை.

இனி மேஸ்திரி முதலில் குனிந்து பார்த்த இடத்துக்கு வருவோம். தொங்கும் கலத்தின்மீது செயற்படுவன இரண்டே: கீழ்நோக்கி அதன் எடை, மேல்நோக்கிக் கொக்கியின் இழுப்பு. இரண்டும் சம அளவாக இருந்தால் மட்டும் போதாது. இரண்டும் ஒரே நேர்கோட்டில் அமைந்தால்தான் சுழற்சி ஒழியும். எடை முழுவதும் குவிந்து நிற்பதாக நாம் பாவிக்கும் புள்ளியான ஈர்ப்பு மையம் கொக்கிக்கு நேர் கீழே வரும் வரையில் கலம் சாய்ந்தும் ஊசலாடியும் தன் இடத்தைத் தேடும். வெறும் உருளையாக இருந்தால் மையம் நடுவிலேயே இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் இந்தக் கலத்தின் தலையில், உள்ளே கலக்கும் துடுப்பைச் சுழற்றுவதற்கான மோட்டாரும் பல்சக்கரப் பெட்டியும் ஏறி உட்கார்ந்திருந்தன. அதனால் மையம் மேலே ஏறியும் ஒரு பக்கம் ஒதுங்கியும் இருக்கும். தூக்குக் காதுகள் அந்த மையத்துக்கு மேலே அமைந்திருந்தால் சாய்ந்த பொருள் தானே நிமிரும். கீழே அமைந்துவிட்டால், சிறிதே சாய்ந்ததும் மேலும் சாய்ந்து தலைகுப்புறக் கவிழும். ஒரு சாண் உயரத்தில் அது நடந்தால் பலகை தாங்கிக்கொள்ளும். ஒரு மாடி உயரத்தில் நடந்தால் யாரும் தாங்க முடியாது. எனவேதான் பளுவைப் பேசவிட்டு அவர் காத்திருந்தார். கலம் ஒரு பக்கம் நான்கு விரற்கடை சாய்ந்தது. கீழே இறக்கச் செய்து, ஒரு கயிற்றை ஒரு கண்ணி சுருக்கி, மறுபடி ஒரு சாண் தூக்கி, மறுபடி ஒரு நிமிஷம் காத்திருந்தார்கள். இம்முறை கலம் நேராக நின்றது.

அடுத்து அவர் அண்ணாந்து பார்த்தது கயிறுகளை. ஒரு பளுவை இரண்டு கயிறுகள் தாங்கினால் ஆளுக்குப் பாதி என்று கணக்குப் போடுவது மனித சுபாவம். கயிறுகள் இரண்டும் செங்குத்தாக இருக்கும்போது அது உண்மையுங்கூட. கயிறுகள் கொக்கியிலிருந்து இரு பக்கமும் விரிந்து இறங்கும்போதோ, ஒவ்வொன்றும் பளுவைத் தூக்குவதோடு தன் துணையையும் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கவாட்டு இழுப்புகள் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு வெளியே தெரியாமற் போகின்றன, ஆனால் கயிற்றின் உடம்பு அவற்றைச் சுமந்தே தீர வேண்டும். 4 டன் பளுவை இரண்டு கயிறுகள் தாங்கும்போது, தரைமட்டத்தோடு அவை 60 பாகைக் கோணம் கொண்டிருந்தால் ஒவ்வொன்றிலும் இழுவிசை சுமார் 2.3 டன், 45 பாகையானால் 2.8 டன், 30 பாகைக்குத் தாழ்ந்தால் ஒவ்வொரு கயிறும் முழு 4 டன்னையும் சுமக்கிறது. இன்னும் தாழ்ந்து 15 பாகைக்கு வந்தால் 7.7 டன். பளு அதேதான், கயிறும் அதேதான். நீளம் குறைந்த கயிற்றை எடுத்து மாட்டியதால் கோணம் படுத்துக்கொண்டது என்ற ஒன்றே விபரீதத்துக்குப் போதுமானது. இரண்டு மரங்களுக்கு நடுவே துணி உலர்த்தக் கட்டிய கொடியை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் ஈரப் புடவையைப் போட்டதும் அது தொய்ந்துவிடுவதும் இதே காரணத்தினால்தான். முற்றிலும் நேராக நின்று அந்தப் புடவையைத் தாங்க வல்ல கொடி உலகத்தில் கிடையாது.

மூன்றாவது இடமான கிரேனின் பின்சக்கரங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஊன்றுகால்களை நாலாபக்கமும் விரித்து ஊன்றிக்கொண்டு வேலை செய்யும் பெரிய கிரேன்களைப் போலன்றி, ஹைட்ரா தன் சக்கரங்களின்மீதே நின்று பளுவைத் தூக்கி, தூக்கியபடியே நடந்தும் போகிறது. அதன் முன்சக்கரங்கள் தரையைத் தொடும் இடத்தை ஒரு துலாக்கோலின் முள்ளாகப் பாவித்துக்கொள்ளுங்கள். முன்னால் பளு, பின்னால் கிரேனின் சொந்த எடை. கணக்குக்காக, கிரேன் 12 டன் என்றும், அதன் ஈர்ப்பு மையம் முன்சக்கரங்களுக்கு 1.5 மீட்டர் பின்னால் என்றும், முன்பின் சக்கரங்களுக்கு நடுவே 3 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். பின்பக்கம் இழுக்கும் திருப்புத்திறன் 18 டன்-மீட்டர். 4 டன் பளு 3 மீட்டர் முன்னால் தொங்கினால், அது முன்பக்கம் கவிழ்க்க முயலும் திறன் 12. மீதமுள்ள 6 டன்-மீட்டரைப் பின்சக்கரங்கள் தரையை அழுத்திச் சரிக்கட்டுகின்றன: 3 மீட்டரால் வகுத்தால் 2 டன். பளு இல்லாதபோது அதே சக்கரங்கள் 6 டன்னோடு அழுத்திக்கொண்டிருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். கிரேனின் கையை இன்னும் நீட்டிப் பளுவை 4 மீட்டருக்குக் கொண்டுபோனால், பின்சக்கரங்களின் அழுத்தம் முக்கால் டன்னுக்கும் கீழே இறங்கிவிடுகிறது, 4.5 மீட்டரில் அது சூனியம். அந்த இடத்தில் கிரேன் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கும், பார்க்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, ஆனால் ஒரு சாண் கூடுதலாக நீட்டினால் வாலைத் தூக்கிக்கொண்டு முன்னால் விழும்.

பளுவின் எடை இங்கே ஒரு குன்றிமணியும் ஏறவில்லை. தூரம் மட்டுமே ஏறியது. கிரேன் விபத்துகளைப் பற்றிக் கேள்விப்படும்போது, எவ்வளவு எடை தூக்கினார்கள் என்று மட்டும் விசாரித்துவிட்டு, எவ்வளவு தூரத்தில் என்று கேட்காமல் விட்டுவிடுகிறோமே, அது பாதிக் கேள்வி. ஹைட்ராவுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: அது நடு இடுப்பில் கீல் வைத்து வளைந்து திரும்பும் வண்டி. நேராக நிற்கும்போது பளு உடலின் நடுக்கோட்டில் இருக்கிறது. வளைந்து திரும்பும்போது பளு ஒரு பக்கமாக விலக, கவிழ்வதற்கான கோடும் பக்கவாட்டுக்கு மாறி, தாங்கும் அகலம் குறுகிவிடுகிறது. மழையில் ஊறிய மண்ணில் முன்சக்கரம் ஒன்று நான்கு விரற்கடை புதைந்தாலும் பளு முன்னால் நகர்ந்து, கணக்கு அதற்கேற்ப மாறும். பக்கவாட்டில் நின்று கயிறு பிடிக்கும் கலாசிகளின் உயிர் அந்த மாறுதலில் இருக்கிறது. அன்றைக்கு மேஸ்திரி, முன்சக்கரங்கள் நிற்க வேண்டிய இடத்தில் இரண்டு கனத்த எஃகுத் தகடுகளைப் போடச் சொன்னதும், திரும்ப வேண்டிய முனையில் கிரேனின் கையை உள்ளிழுத்துக்கொள்ளச் சொன்னதும், திருப்புத்திறன் என்ற பதத்தை ஒருநாளும் கேட்டிராத ஒருவர் அந்தத் திறனை உள்ளங்கை நெல்லிக்கனியாக அறிந்திருந்தமைக்கு அத்தாட்சி.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்றும் தோன்றுகிறது. ஏற்றக்கால்மீது பொருத்திய மரத்தில் மனிதர்கள் முன்னும் பின்னும் நடந்து, தங்கள் உடம்பின் தூரத்தை மாற்றியே நீர் மொள்ளும் சாலை இறக்கவும் ஏற்றவும் செய்த தேசம் இது. தமிழில் ஏற்றம் என்றும் தெலுங்கில் ஏதம் என்றும் அந்தச் சாதனம் வழங்கிய காலம் மிகவும் பழையதன்று. தட்டு ஒன்றே உடைய வெள்ளிக்கோலில், எடைக்கல்லைக் கூட்டாமல் பிடிக்கயிற்றின் இடத்தை நகர்த்தியே நிறை கண்டார்கள். கனமான யந்திரத்தின் அடியில் முனையைச் செருகி, சிறிய மரக்கட்டையை அண்டைக் கொடுத்து, கடப்பாரையின் மறுமுனையில் தொங்குகிறவனுக்கு, முனைக்கும் கட்டைக்கும் உள்ள தூரம் 10 சென்டிமீட்டரும், கட்டைக்கும் கைக்கும் உள்ள தூரம் 150 சென்டிமீட்டருமாக இருந்தால், தன் பலம் 15 மடங்காகப் பெருகும் என்பதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. கட்டையை இன்னும் உள்ளே தள்ளு என்று மட்டும் சொல்வார்கள்.

கலம் தொழிற்கூடத்துக்குள் போய்ச் சேர்ந்ததும் வேறொரு வகையான கஷ்டம் ஆரம்பமாயிற்று. அதன் இடுப்பிலிருந்து நான்கு பக்கமும் நீண்ட நான்கு தாங்கு கொம்புகள், எஃகுச் சட்டத்தின் நான்கு இடங்களில் உட்கார வேண்டும். உட்கார்த்தினார்கள், மூன்று உட்கார்ந்தன, நாலாவதன் அடியில் ஒரு நூலிழை இடைவெளி தெரிந்தது. முக்காலி ஆடுவதில்லை, நாற்காலி ஆடும் என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவார்கள். மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும். நாலாவது புள்ளி அந்தத் தளத்திலேயே வந்து அமைவது தச்சனுடைய கைத்திறனைப் பொறுத்தது. இதன் கணித ரூபம் இன்னும் சுவையானது. நின்றுகொண்டிருக்கும் கலத்தின் செங்குத்து விசைகளைப் பற்றிச் சமநிலை நமக்குத் தருகிற சமன்பாடுகள் மூன்றே: மொத்தக் கூட்டல் ஒன்று, நெடுக்கில் கவிழாமைக்கு ஒன்று, குறுக்கில் கவிழாமைக்கு ஒன்று. மூன்று கால்களானால் மூன்று சமன்பாடுகளைக் கொண்டு ஒவ்வொரு காலும் தாங்கும் பளுவைத் தீர்மானித்துவிடலாம். நான்கு கால்கள் வந்துவிட்டால் தெரியாதவை நான்கு, சமன்பாடுகள் மூன்று. சமநிலை விதிகள் இதற்குமேல் வாய் திறப்பதில்லை. எதிரெதிரான இரு கால்கள் மட்டுமே பளு முழுவதையும் தாங்கி, மற்ற இரண்டும் சும்மா தொட்டுக்கொண்டு நின்றாலுங்கூட அந்த மூன்று சமன்பாடுகளும் திருப்தியடைந்துவிடக் கூடும். அப்போது இரும்பு எவ்வளவு வளைந்துகொடுக்கிறது என்ற வேறொரு விஷயத்தை அழைத்து வந்தே கணக்கை முடிக்க வேண்டியிருக்கிறது. திண்பொருள் என்று தொடக்கத்தில் நாம் பாவித்துக்கொண்டது இந்த இடத்தில் பயன்படாது போகிறது.

பட்டறையில் அந்த நாலாவது சமன்பாட்டின் பெயர் ஷிம். காகிதக் கனமுள்ள எஃகுத் தகடுகளை ஒவ்வொன்றாக அந்த இடைவெளியில் செருகி, கலத்தின் மேல்விளிம்பில் ரசமட்டத்தை வைத்து, அதற்குள் இருக்கும் காற்றுக்குமிழி இரண்டு கோடுகளுக்கு நடுவே வந்து நிற்கும் வரையில், ஒரு இளைஞன் முக்கால் மணி நேரம் மிகுந்த சிரத்தையோடு பாடுபட்டான்.

யந்திரங்களுக்கு மட்டும் உரிய விஷயம் இது என்று எண்ணிவிடக் கூடாது. ஜீடிமெட்லாவிலேயே, நிஜாம் காலத்தில் ஏற்பட்டதும் ஃபாக்ஸ் சாகர் என்று வரைபடத்திலும் கொல்லசெருவு என்று ஊரார் வாயிலும் வழங்குவதுமான ஏரி இருக்கிறது. 1908 செப்டம்பரில் மூசி நதி பெருகி ஹைதராபாத் நகரத்தையே அழித்த பிறகு, பொறியாளர் விசுவேசுவரய்யா வகுத்த யோசனையை அநுசரித்து, 1920-ல் உஸ்மான் சாகர், 1927-ல் ஹிமாயத் சாகர் என்ற நீர்த்தேக்கங்கள் எழுந்தன. இப்படித் தேக்கிய நீரைத் தன் எடையாலேயே எதிர்த்து நிற்கும் ஒரு கற்சுவரை எண்ணிப் பாருங்கள். 10 மீட்டர் ஆழமுள்ள நீர், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் 50 டன் விசையோடு தள்ளுகிறது. ஆழத்தில் அழுத்தம் அதிகமாதலால் அந்தத் தள்ளுதல் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குவிந்து, சுவரின் வெளிப்பாதத்தைச் சுற்றிக் கவிழ்க்க முயலுகிறது: சுமார் 167 டன்-மீட்டர். அடியில் 7 மீட்டர் அகலமும் உச்சியில் கூர்மையுமாக, நீர்ப்பக்கம் செங்குத்தாகக் கட்டிய கற்சுவர், மீட்டருக்கு 84 டன் எடையோடு, அதே பாதத்தைச் சுற்றி 392 டன்-மீட்டர் திறனால் அதை எதிர்க்கிறது. சுவரின் அடியில் ஊறிப் புகும் நீர் மேல்நோக்கி அழுத்துவதையும் பொறியாளர்கள் சேர்த்துக்கொள்வார்கள். அதை நாம் விட்டுவிடலாம். இரண்டு விசைகளும் சேர்ந்து சுவரின் அடியை அழுத்தும் இடம் அகலத்தின் நடு மூன்றிலொரு பங்குக்குள் விழ வேண்டும், அப்போதுதான் நீர்ப்பக்கத்து அடிக்கல் வாய் பிளக்காது என்பது அணை கட்டுவோர் போற்றிக் காத்த பிரமாணம். நம்முடைய சுவரில் அது பாதத்திலிருந்து 2.7 மீட்டரில் விழுகிறது, எல்லை 2.3 மீட்டர். அதே ஹைதராபாத்தில், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மீர் ஆலம் ஏரியின் அணையோ, 21 அரைவட்ட வளைவுகளைப் பக்கம் பக்கமாக அடுக்கி, நீரின் தள்ளுதலைக் கல்லின் அழுத்தமாக மாற்றி, தாங்குதூண்களுக்கு அனுப்பிவிடுகிறது. எடையைக் குவித்து நிற்பது ஒரு வழி, உருவத்தால் நிற்பது மற்றொரு வழி. இரண்டிலும் எனக்கு மீர் ஆலத்தின் வழியே அழகாகப் படுகிறது.

மாமல்லபுரத்துக்குப் போய், சரிவான பாறையின்மீது சிறிய அடித்தளத்தில் அமர்ந்திருக்கும் கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை என்ற பாறையின் நிழலில் பயந்துகொண்டே நின்று திரும்பியவர்கள் பலர் உண்டு. அதன் ஈர்ப்பு மையத்திலிருந்து கீழே விடும் தூக்குக்குண்டின் நூல், அது தொட்டுக்கொண்டிருக்கும் பரப்புக்குள்ளேயே விழுகிறது. சரிவில் வழுக்கி இறங்க முயலும் விசையைப் பாறையும் பாறையும் உரசும் உராய்வு தடுத்துக்கொள்கிறது. அந்த இரண்டும் உள்ளவரை அது அங்கேயே இருக்கும்.

தொழிற்கூடத்தில் அந்த இளைஞன் எழுந்து, குமிழி நடுவில் நிற்கிறது என்று தலையசைத்தான். மேஸ்திரி கிரேன்காரனை நோக்கி உள்ளங்கையைக் கீழ்முகமாகத் தாழ்த்த, இதுவரை விறைத்து நின்ற எஃகுக் கயிறுகள் கொஞ்சங் கொஞ்சமாகத் தளர்ந்தன. 4 டன்னும் கொக்கியை விட்டு நான்கு கொம்புகளுக்குக் கைமாறிக்கொண்டிருந்த அந்தச் சில விநாடிகளில் சட்டம் மெல்ல ஒருமுறை முனகிற்று. போல்ட்டுகளை இன்னும் ஒருவரும் முடுக்கவில்லை. மேஸ்திரி, கயிற்றைக் காதோடு பிணைத்திருந்த ஷேக்கிளைக் கழற்றி, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, கலத்தின் வயிற்றில் தம் உள்ளங்கையை ஊன்றி, உடம்பின் முழு எடையையும் சாய்த்துத் தள்ளினார். குமிழி அசையவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, ஸ்பானரைக் கொண்டுவரச் சொன்னார்.